சாட்சியில்லாத சீட்டு

'சனிக்கிழமை வரேன். உயில் பத்திரமா இருக்குதா?' என்று தம்பி நாகபூஷணம் போட்ட கடிதாசைப் படித்ததும் முனிரத்தினம் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

வீடும் நாலு ஏக்கரா வேர்க்கடலைக் கொல்லையும் தம்பிக்கே என்று புத்தூரில் உயில் எழுதிப் பதிவு பண்ணியிருந்தார். பாசத்தில் இல்லை, பயத்தில். நாகபூஷணம் கையை ஓங்கினால் மாடே படுத்துக்கொள்ளும்.

போன மாசம் புளியமரத்திலிருந்து விழுந்தார். கால் போச்சு. புத்தூருக்குக் கட்டுப் போடக் கொண்டுபோனபோது உயிரே போகிறது என்று நினைத்து, உயில் சங்கதியைப் பெண்டாட்டி தாட்சாயணியிடம் உளறிவிட்டார்.

"புள்ளகுட்டி இல்லாதவ, நான் எங்கய்யா போவேன்?" என்று அவள் அழுதாள்.

ஒரு நோட்டீசின் பின்பக்கத்தில், 'முன்பு எழுதிய உயில் ரத்து. எல்லாம் தாட்சாயணிக்கே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உயிர் தங்கிவிட்டது. சீட்டும் அவள் தகரப்பெட்டியில் தங்கிவிட்டது.

கடிதாசு வந்த மறுநாளே நொண்டிக்கொண்டு புத்தூர் வக்கீலிடம் ஓடினார்.

"கையால எழுதினது தப்பில்ல. உயிலை மாத்தற சீட்டுக்கும் ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். இருக்கா?"

"ஒரு ஈ காக்கா இல்லீங்க."

"அப்ப அது வெறும் காகிதம்."

"ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிக்கறாங்களே, எங்க ஊரு மெட்ராசுக்குப் போயிட்டா?"

"எந்தப் பக்கம் போனாலும் சட்டம் ஒண்ணுதான்யா!"

தாட்சாயணி தெருவில் நிற்பாளே என்ற நினைப்பு பஸ்ஸில் ஒருதரம் ஏறியது. தம்பியின் கை ஞாபகம் வந்ததும் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுச் சின்னப்பனும் எதிர்வீட்டு மணியம்மாவும் நின்றிருந்தார்கள். தாட்சாயணி கையில் அந்தச் சீட்டு.

"வாய்யா! நான் கள்ளக் கையெழுத்துப் போட்டுக்கினேன்னு இவங்க சொல்றாங்க. போலீசு வருமாம். நீயே சொல்லு, இது உன் கையெழுத்தா இல்லியா?"

போலீசு என்றதும் முனிரத்தினம் நொண்டிக்கொண்டே ஓரடி பின்வாங்கினார். அப்புறம் வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்தது. வெறும் காகிதம்தானே! மார்பை நிமிர்த்தினார்.

"என் கையெழுத்துதான்! நானேதான் போட்டேன்! எவன்டா இல்லேன்னது?"

"அது போதும் மாமா" என்று சின்னப்பன் உட்கார்ந்து, சீட்டில் கையெழுத்துப் போட்டான். மணியம்மா தெலுங்கில் போட்டாள்.

"இன்னா பண்றீங்க?"

தாட்சாயணி மையை ஊதிக் காயவைத்தாள். "எழுதும்போது சாட்சி இல்லாட்டி பரவால்லியாம். ரெண்டு பேரு எதிர்ல உன்துன்னு ஒத்துக்கினு, உன் கண்ணு முன்னாடி அவங்க கையெழுத்துப் போட்டாலும் செல்லுமாம்."

"யா... யார் சொன்னது?"

"புத்தூர்ல ஒரே வக்கீலா கீறாரு?"

முனிரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அடியே, சனிக்கிழமை நாகபூஷணம் வரானே!"

"வரட்டும், நீ இருப்ப இல்ல? நான் வெள்ளிக்கிழமையே சீட்டை எடுத்துக்கினு நகரிக்கு எங்கக்கா வூட்டுக்குப் போறேன்."