நாற்காலி மெத்தைக்குள் மோட்டார்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். வீட்டுச் சாமான்கள்தான் சுகமில்லை. உன் வீட்டிலும் உன் கைபேசி ரிப்பேர் கடையிலும் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது என் காதில் விழுவதே இல்லை. உன் பக்கம் சிக்னல் மோசம்.

விஷயம் இதுதான். போன தடவை வந்தபோது உன் அக்கா கையில் ஈயத்தை உருக்கி வயர் ஒட்டும் ஒரு சால்டரிங் அயர்னைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. முப்பது வருடம் தையல் மெஷினை மிதித்தவள், இனிமேலாவது காலை நீட்டி உட்காரட்டும் என்றுதானே தையல் கடையை மூடினோம்? இப்போது அந்த மேசையில் துணிக்குப் பதில் வயர், ஊசிக்குப் பதில் ஈயம். முதலில் வாசல் மணியைக் கூடத்து விளக்கோடு இணைத்தாள். மணியை அழுத்தினால் விளக்கு விட்டு விட்டு எரியும். இதை என்னிடம் சொல்ல வேண்டாமா? அவள் மளிகை வாங்கப் போயிருந்த சமயம் விளக்கு துடித்தது. பல்பு போய்விட்டது என்று ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினேன். புதுப் பல்பும் துடித்தது. அதையும் கழற்றிவிட்டு மூன்றாவதை மாட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், மீட்டர் கணக்கெடுப்பவர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு மணியை அழுத்துகிறார். எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்தாராம்.

அதோடு விட்டாளா? உன் கடைப் பழைய போன்களிலிருந்து அதிரும் மோட்டார்களைக் கழற்றி, நான் உட்காரும் நாற்காலி மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். தையல் பிரமாதம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குக்கர் மூன்று விசில் அடித்தால் மெத்தை நடுங்கும், நான் எழுந்து போய் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விசிலைக் கேட்க அவள் வைத்த கருவிக்குக் குக்கர் விசிலுக்கும் தொலைக்காட்சியில் கால்பந்து நடுவர் ஊதும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நடுவர் மூன்று தடவை ஊதினார், நான் போய் அணைத்தேன். இரண்டு நாள் அரிசியைக் கடித்துத் தின்றோம். மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்திலும் ஒரு பொத்தான் வைத்தாள். அதை அழுத்தினாலும் நடுங்குவது இதே மெத்தைதான். ஒரு மனிதன் எத்தனை பேருக்குத்தான் நடுங்குவான், சொல்லு.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "போன மாசம் மழையில முக்கால் மணி நேரம் வாசல்ல நின்னேன். நீங்க கதவே திறக்கலை" என்றாள். தூங்கிவிட்டேன் என்றேன். "பேப்பர் படிச்சிட்டே தூங்குவீங்களா?" என்று கேட்டாள். உனக்கே தெரியும், நான் முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் மெஷின் பக்கத்திலேயே நின்றவன். அந்த இரைச்சலையே தாங்கிய காதுக்கு ஒரு வாசல் மணி கேட்காதா? கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்து மெத்தைக்குப் போகும் வயரை நறுக்கென்று வெட்டிவிட்டேன். நல்ல கத்தரிக்கோல், அவளுடையதுதான்.

மறுநாள் அவள் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். காற்றில் கதவு அறைந்து உள்பக்கத் தாழ் விழுந்துவிட்டது. பொத்தானை அழுத்தியிருக்கிறாள். கதவைத் தட்டியிருக்கிறாள், என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் நேர் கீழே உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து, என் தோளைத் தொட்டு விஷயத்தைச் சொல்லி, என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். முகமெல்லாம் சிவந்து, ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தவள், தண்ணீர் குடித்துவிட்டு, "வயரை எங்க வெட்டினீங்க, காட்டுங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து, அந்த அயர்னையும் ஈயத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டியது. என் காதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் உன் அக்காவிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது. உன் வீட்டாருக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், மின்சாரத்தைத் தவிர.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: நீ வர வேண்டாம். தபால்தலை தேடப் போனவன், அந்த வயரை நானே ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்து இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். உன் அக்கா மருந்து தடவிக்கொண்டே, குனிந்தபடி என்னவோ சொல்லிச் சிரித்தாள். இத்தனை நாளும் கேட்ட மாதிரி தலையாட்டிவிடுவேன். இன்றைக்கு, "என்ன சொன்னே, காதுல விழலை" என்றேன். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என் எதிரில் உட்கார்ந்து மறுபடி சொன்னாள். அது உனக்கு எழுதுகிற விஷயமில்லை. வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். இன்னும் நாலு மோட்டார் இருந்தால் அனுப்பு, கட்டிலுக்கு வேண்டுமாம்.