மெத்தைக்காரர் மலையேறிய ஞாயிறு

மெத்தைக்கடை மேனேஜர் ஒரு வீரசபதம் செய்தார். படுத்துக்கொண்டேதான் செய்தார்.

"அந்தக் கடலோரக் குன்றுப் பாதையை இந்தக் கோடியிலேருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் நடந்து காட்டறேன். காட்டிட்டா, ஆயுசுக்கும் என் ஞாயித்துக்கிழமைத் தூக்கத்துல நீ கை வைக்கக் கூடாது."

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டில்கூடக் கழுத்தில் விசில் தொங்கும். அந்த அம்மாளுக்குப் பயந்து குக்கரே அடக்கித்தான் வாசிக்கும்.

"நடக்கலைன்னா?"

"வாராவாரம் உன் பின்னாலயே நடக்கறேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"நான் ஆம்பளைம்மா!"

"அதனாலதான் கேட்டு வச்சுக்கறேன்."

ஞாயிறு காலை, பாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறினார்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளத்தில் கடல், நடுவில் ராத்திரி மழையில் ஊறிய செஞ்சேறு. கண்ணுக்குக் குளிர்ச்சி, காலுக்குக் கண்டம். பாதி மேட்டிலேயே நம்மவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு. "ஹூ... ஹா... என்ன அழகு!" என்று பாறைக்குப் பாறை நின்று ரசித்தார்.

"என்னங்க, கடல் எங்கயும் ஓடிடாது. நீங்க நடங்க."

"நீ முன்னால போம்மா. நான் வேகமெடுத்தா உன்னால ஈடு கொடுக்க முடியாது."

டீச்சர் வளைவில் மறைந்ததுதான் தாமதம், மேனேஜர் விழுந்தடித்துக் கீழே இறங்கினார். சாலையில் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற பஸ், 'வாங்க மாப்பிள்ளை' என்பதுபோல் நின்றது. ஏறும் முன் கை தானாகக் கர்சீப்பை எடுத்து ஷூவைப் பளபளவென்று துடைத்தது. கடைப் பழக்கம். மண்காலோடு யாராவது புது மெத்தையை நெருங்கினாலே அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

கலங்கரை விளக்கத்தடியில் இறங்கி, முகத்தில் குழாய்த் தண்ணீரை வியர்வையாகத் தெளித்துக்கொண்டு, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, முழங்கால் வரை சேற்றோடு டீச்சர் வந்து சேர்ந்தாள்.

"ரொம்ப லேட்டும்மா!"

"என்னை எப்பங்க தாண்டினீங்க?"

"குறுக்குவழி! பாறைமேல தொத்தித் தொத்தி வந்தேன். ஒரு இடத்துல ஒத்தைக் கையில தொங்கினேன் பாரு, பக்கத்துல பறந்த கழுகு 'அண்ணே, பாத்து'ன்னு சொல்லாத குறை!"

டீச்சர் தன் காலைப் பார்த்தாள். அவர் ஷூவைப் பார்த்தாள். தலை வாரிக்கொள்ளலாம் போல அதில் முகம் தெரிந்தது.

"ஜெயிச்சுட்டீங்க. ஞாயித்துக்கிழமை இனிமே உங்களோடது."

மேனேஜரின் மனசு ஸ்பிரிங் மெத்தையாகத் துள்ளியது.

"ஒரே ஒரு உதவிங்க. கார் அந்தக் கோடியில நிக்குதே. அதே குறுக்குவழியில ஒரு ஓட்டம் போய் எடுத்துட்டு வந்துடுங்க. நான் இந்த பஸ் ஸ்டாப்லயே உக்காந்திருக்கேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? உண்மையைச் சொன்னால் தூக்கம் போச்சு. சொல்லாவிட்டால் உயிர் போச்சு. இரண்டையும் எடை போட்டார். தூக்கம்தான் கனத்தது. நடந்தார்.

ஏறினார், சறுக்கினார், எழுந்தார், உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு சரிவு முழுக்க இறங்கினார். தடியூன்றி வந்த ஒரு பெரியவர், "தம்பி, கொஞ்சம் ஒதுங்கி விழுப்பா" என்று சொல்லித் தாண்டிப் போனார். இந்த முறை அவர் கடலைப் பார்க்கவில்லை. கடல்தான் அவரை வேடிக்கை பார்த்தது.

பொழுது சாயும் நேரத்தில் நாலு காலில் கார் இருந்த இடத்தை அடைந்தார். பானெட்டின் மேல் டீச்சர் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ... எப்படி... இங்க?"

"பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். கண்டக்டர் கலகலப்பான மனுஷன். காலையில ஒருத்தர் ஏறினாராம். சீட்டை அமுக்கிப் பாத்து, 'ஸ்பிரிங் செத்துப்போச்சே, மாத்துங்கய்யா'ன்னாராம். அப்புறம் அதுலயே சாய்ஞ்சு விட்டாராம் பாருங்க குறட்டை, பஸ்ஸு ஹாரனே எடுபடலையாம்!"

மேனேஜர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... என் ஞாயித்துக்கிழமைத் தூக்கம்?"

டீச்சர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதைத்தான் காலையில பஸ்ஸுலயே தூங்கித் தீத்துட்டீங்களே!"