மஞ்சள் வட்டம் காத்த மாண்பு

பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள் சரித்திரத்தில் ஏராளம். பசித்தவர்களின் முகத்தை மறைத்தவர் ஸ்ரீரங்கம் திருவேங்கடம் ஒருவர்தான். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான அவருடைய தலைமையில் 'மாண்புடன் அன்னம்' கழகம் ஐந்து முறை கூடி, எழுபது வாழைக்காய் பஜ்ஜிகளைத் தின்று, அந்த முடிவுக்கு வந்தது. உதவி வாங்கும் ஏழையைப் படம் பிடித்து அவமானப்படுத்தக் கூடாது. அதற்காகப் படமே எடுக்காமல் இருக்க முடியுமா? நன்கொடையாளர் மனம் என்ன பாடுபடும்? ஆகவே கைப்பிடி வைத்த மஞ்சள் அட்டை வட்டம் ஒன்று செய்யப்பட்டது. ஏழை ஒரு கையில் பத்துக் கிலோ அரிசியையும் மறு கையில் வட்டத்தையும் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பக்கத்தில் நின்று சிரிக்கும் கழகத்தாருக்கு வட்டம் தேவைப்படவில்லை. அவர்களிடம் மாண்பு ஏற்கெனவே நிறைய இருந்தது.

ஆகஸ்டில் 'பயனாளி பதினேழு' ஆக நின்றவர் அல்போன்சா. துவாக்குடியில் அவர் பேக்கிங் வேலை பார்த்த சின்னக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ரேஷன் கார்டு வையம்பட்டியில், மாமியார் பேரில் இருந்தது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் ஒப்பேற்றினார்கள். நாளை காலாண்டு விடுமுறை தொடங்குகிறது. பத்து நாளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, சாப்பாடும் இல்லை. அதனால்தான் செப்டம்பர் அரிசிக்குக் கழக அலுவலகத்தில் முதல் ஆளாக வந்து நின்றார்.

"போன மாசம் வாங்கினவங்களுக்குத்தாம்மா இந்த மாசமும்," என்றார் திருவேங்கடம். "நீங்க வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?"

"படம் எடுத்தீங்களே சார்."

செயலாளர் சித்ராதேவி ஆல்பத்தைப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் அப்பழுக்கில்லாத மஞ்சள் வட்டம் இருந்தது.

"நான்தாங்க அது. அதே பச்சைப் புடவையத்தான் இன்னிக்கும் கட்டிட்டு வந்திருக்கேன்."

"பச்சைப் புடவை யார் வேணாலும் கட்டலாமேம்மா. முகம் ஒத்துப்போகணும்."

"மூஞ்சிய நீங்கதானே சார் மறைச்சீங்க?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா!" திருவேங்கடத்துக்குக் குரல் தழுதழுத்தது. தமது ஏற்பாடு இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"இவங்கதான்னு சொல்ல ரெண்டு சாட்சி இருந்தா விதியில இடமிருக்கு சார்," என்றார் சித்ராதேவி.

அல்போன்சா வாசலுக்குப் போய் எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துக் கூப்பிட்டார். இரண்டு பேர் கேட்டதற்கு ஏழு பேர் வந்தார்கள்.

"இந்த அக்காவத் தெரியாமயா?" என்றார் ஆட்டோ ஓட்டும் ராமர். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பேனரே வச்சிருக்கீங்களே. இவங்க மூஞ்சிய மட்டும் மறைச்சிட்டு, ரெண்டு பக்கமும் நிக்கிற பிள்ளைங்க மூஞ்சிய பளிச்சுன்னு போட்டிருக்கீங்க. ஊருக்கே தெரியும் சார்."

குழந்தை அளவில் வட்டம் செய்வது பற்றிய தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

திருவேங்கடத்தின் முகம் கறுத்தது. விதிப் புத்தகத்தை எடுத்தார். "விதி நாலு. அடையாளம் வெளிய தெரிஞ்சுட்டா, பயனாளியோட மாண்பு போயிட்டதா கருதணும். மாண்பு இல்லாம உதவி பண்றது நம்ம கொள்கைக்கே விரோதம். மன்னிச்சுக்கங்கம்மா."

அல்போன்சாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆளு தெரியலேன்னாலும் அரிசி இல்ல, தெரிஞ்சாலும் அரிசி இல்லியா? நாளைலேர்ந்து எம் பிள்ளைங்க என்னத்தங்க சாப்பிடும்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பைகளில் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மேசைமேல் கிடந்த மஞ்சள் வட்டத்தை எடுத்துத் திருவேங்கடத்தின் கையில் கொடுத்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்க சார். பசிக்கிறதுக்கு நான் எதுக்கு மூஞ்சிய மூடணும்?"

வாசலில் நின்ற ஏழு பேரும் வழிவிட்டார்கள். அல்போன்சா அரிசியோடு தெருவில் இறங்கிப் போனார். போனவரை விட்டுவிட்டு ஏழு பேரும் திருவேங்கடத்தையே பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் கையிலிருந்த வட்டத்தை மெல்ல முகத்துக்கு நேரே உயர்த்தினார். பயனாளிகளைப் படம் பிடிக்க மூலையில் கேமராவோடு காத்திருந்த கழகத்தின் புகைப்படக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார்.

கழகத்தின் வரலாற்றில், மறைக்க வேண்டிய முகத்தை வட்டம் மறைத்த படம் அது ஒன்றுதான்.