இடது தோள் சம்பந்தமாக மாப்பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், என் இடது தோள் நீங்கலாக. அங்கே உங்கள் மூவரின் சௌக்கியத்தையும், முக்கியமாகப் பேத்தி இப்போது என்ன எடை இருக்கிறாள் என்பதையும் அறிய ஆவல். எடையை ஏன் கேட்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

நீங்கள் மூவரும் இங்கே வரப்போவதைப் பற்றி மகள் தன் அம்மாவிடம் போனில் பேசும்போது சொன்ன தீர்ப்பு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "சட்டை போடவே அம்மா கை கொடுக்க வேண்டியிருக்கு. அப்பாகிட்ட கொழந்தையைத் தரமாட்டேன், பக்கத்துல உக்காந்து பார்த்துக்கட்டும்" என்றாளாம். பிறந்ததிலிருந்து போட்டோவில் மட்டுமே பார்த்த பேத்தி. தூக்காமல் உட்கார்ந்து பார்ப்பதற்குப் போட்டோவே போதாதா? மனசு ஆறவில்லை மாப்பிள்ளை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்றபின் நான் சமையலறை டப்பாக்களை ஒழுங்குபடுத்துவதும், அதை உங்கள் அத்தை திரும்ப ஒழுங்குபடுத்துவதுமாகவே பொழுது போனதில் அவளுக்கு அலுத்துப்போய், என்னை வில்வித்தை வகுப்பில் சேர்த்துவிட்டாள். அங்கே பக்கத்தில் நின்ற பயில்வான் எடுத்த கெட்டி வில்லையே நானும் வீம்புக்குக் கேட்டு வாங்கி, விட்டால் ஓடிவிடும் போல இறுக்கிப் பிடித்து, மூச்சைக் கட்டி, பல்லைக் கடித்து, வெறும் கை பலத்திலேயே இழுத்து, இடது முழங்கையை விறைப்பாக நீட்டியதில் நாண் முன்கையில் சுளீர் சுளீரென்று அடித்து, கை கன்றிப்போய் வீட்டுக்கு வந்தால், உங்கள் அத்தை யாரோடு சண்டை என்று கேட்கிறாள். யாரோடும் இல்லை, அம்பு ஒருத்தர் பக்கமும் போகவில்லை என்றேன். அப்புறம் தோள் பிடித்துக்கொண்டது.

கோச் அம்மா என் மகளைவிடச் சின்னவள். கெட்டி வில்லைப் பிடுங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெண்கள் பழகும் லேசான வில்லைக் கொடுத்தாள். மானம் போயிற்று, ஆனால் பாதி வலியும் கூடவே போயிற்று. வில்லை இறுக்காமல் உள்ளங்கையால் தள்ளணும், முழங்கையை லேசா வெளிப்பக்கம் திருப்பணும், கையால இழுக்காம முதுகால இழுக்கணும் என்றாள். முதுகால எப்படிம்மா இழுக்கிறதுன்னு கேட்டேன். பின்பக்கத்துத் தோள்பட்டை எலும்பு ரெண்டும் ஒன்றையொன்று பார்க்கப் போகணுமாம். அதுகூட வந்துவிட்டது. இடது தோள் மட்டும், வில்லைத் தூக்கினதும் காதைத் தேடிக்கொண்டு மேலே போய்விடும். அதுதான் வலிக்கே காரணமாம்.

"சார், நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

மின்தடைப் புகார்ப் பிரிவு என்றேன். ரிசீவரை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் எழுதி, மறு கையால் அடுத்த போனை எடுத்தே காலம் போனதையும் சொன்னேன்.

"அப்ப முதல்ல ரிசீவரை கீழ வைங்க சார்" என்றாள்.

அன்றிலிருந்து வில்லைத் தூக்கும்போதெல்லாம் மனசுக்குள் ரிசீவரை வைத்துவிடுகிறேன். வீட்டிலும் அலமாரிக் கண்ணாடி முன்னால் ரப்பர் பட்டையை இழுத்துப் பழகுகிறேன். தோள் ஏறினால் உங்கள் அத்தை பின்னாலிருந்து கரண்டியால் ஒரு தட்டு. வலி அடியோடு போய்விட்டது, சட்டையும் நானே போடுகிறேன். இனி பாக்கி ஒன்றுதான். பேத்தியின் எடையைச் சொன்னால் தண்ணீர்க் கேனில் அந்த அளவு நிரப்பி, தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்து பழகிவிடுவேன்.

உங்களுக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேத்திக்கு உள்ளதை நேரில் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். எடை சொன்னாள். மறந்துவிடாமல் ஒரு கையால் குறித்துக்கொண்டு, மறு கையால் கேனைக் குழாயடியில் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பேத்தி போனில் வந்து "தா, தா" என்றாள். தாத்தாவில் பெரும்பகுதி வந்துவிட்டது பாருங்கள். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், கேன் நிரம்பி வழிந்தது, எனக்குப் போனை வைக்க மனசு வரவில்லை. போன் எங்கே இருந்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். இப்போது கழுத்தும் திரும்பவில்லை. வலி போய்விட்டது என்று மேலே எழுதிய வரியைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா? வேண்டாம், வேண்டாம், சொன்ன தேதிக்கே வந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்கிறேன்.