முள்ளம்பன்றி வீட்டுக் காற்று மெத்தை

ஒரு காட்டில், எல்லாக் காட்டையும் போல, ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தக் காட்டின் வடக்கு மூலையில், அருவிக்குப் போகிற வழியில், கோமளவல்லி என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். கணவர் பெயர் சாந்தமூர்த்தி. ஒரே மகள் மிருதுளா. உடம்புதான் இப்படி அமைந்துவிட்டது, பெயராவது மெத்தென்று இருக்கட்டும் என்று நினைப்பது முள்ளம்பன்றிகளின் குல வழக்கம்.

கோமளவல்லிக்கு இருந்த ஒரே கவலை, மிருதுளாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது. பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் தரையில் இருந்தது. போன கோடையில் பெண் பார்க்க வந்தவர்களைத் தேக்கிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். இலைக்கு அடியில் ஒரு வேர் முண்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பையனின் அம்மா தூங்கி எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். திருகிய கழுத்தோடு காடு முழுக்க ஒரு சுற்று வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்காத மிருகம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "விருந்தாளிக்குப் படுக்க இடம் கொடுக்கத் தெரியாத வீடு" என்று பதில் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வரன்கூட அந்த வளைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது மேல்மலையிலிருந்து ஒரு குடும்பம் சொல்லி அனுப்பியிருந்தது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பெற்றவர்கள் வந்து ஒரு பகல் தங்கிவிட்டு, பேச வேண்டியதைப் பேசி முடித்துக்கொண்டு போவார்களாம். முள்ளம்பன்றிக்கு இரவில்தான் நடமாட்டம், பகலில்தான் தூக்கம். ஆகவே ஒரு பகல் தங்குவது என்றால் படுக்கை போட்டாக வேண்டும்.

"ஏங்க, இந்தத் தடவை மட்டும் யாரு கழுத்தாவது திரும்புச்சு, நான் உங்க கழுத்தைத் திருப்பிடுவேன்" என்றாள் கோமளவல்லி.

"வேரை நானா முளைக்க வச்சேன்?" என்றார் சாந்தமூர்த்தி. ஆனால் அவள் அதற்குள் குரங்கு அங்குசாமியின் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அருவிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வரும் மனிதர்கள் விட்டுவிட்டுப் போகிற பொருளெல்லாம் அங்குசாமியின் கடையில் கிடைக்கும். அவர்கள் விட்டுவிட்டுப் போகாத பொருளும் கிடைக்கும்.

"விருந்தாளிக்குப் படுக்கை வேணும்ப்பா. பாத்தவுடனே மதிப்பா இருக்கணும்."

"காத்து மெத்தை எடுத்துக்குங்கக்கா. ஊதினா கட்டில். வேலை முடிஞ்சா மடிச்சுப் பரண்ல போட்டுக்கலாம்."

அவன் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினான். மெல்லிசாக ஒன்று இருந்தது. "அது வேணாங்க்கா, ஒரு வெயிலுக்குத் தாங்காது." ஆளுயரத்துக்கு உப்புகிற ஒன்று இருந்தது. "இதுல படுத்தா உருண்டு விழுவாங்க, கழுத்து போயிடும்." கழுத்து என்றதும் கோமளவல்லி அதைத் தள்ளி வைத்தாள். கடைசியில் தடித்த ரப்பரில், மேலே நீல வெல்வெட்டு ஒட்டிய ஒரு மெத்தையை எடுத்துப் போட்டான்.

"இது ஆனை படுத்தாலும் தாங்கும்."

"முள்ளம்பன்றி படுத்தா?"

அங்குசாமி வாலைச் சொறிந்துகொண்டான். "வெயிட்டுக்கு வாரண்டி உண்டுக்கா. முள்ளுக்குக் கிடையாது."

இந்த இடத்தில் புத்தியுள்ள மிருகம் வீட்டைப் பார்க்கத் திரும்பியிருக்கும். கோமளவல்லிக்குப் புத்தி இல்லாமல் இல்லை. உலகம் தெரிந்தவள் அவள். வெல்வெட்டு மெத்தை வாங்குவது விருந்தாளி படுப்பதற்கா என்ன? 'படுங்க' என்று சொல்வதற்கு. மானமுள்ள விருந்தாளி 'வேண்டாங்க' என்றுதான் சொல்வார். அதுதானே நாட்டு வழக்கம், காட்டு வழக்கமும் அதுதான். ஓடையோரப் பாத்தியில் விளைந்து, கோடைக்கென்று சேர்த்து வைத்திருந்த கிழங்கு மொத்தமும் அங்குசாமியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

மெத்தையைக் கட்டிக் கொடுக்கும்போது அவன் பராமரிப்பு சொன்னான். "கீழ தார்ப்பாயைப் போட்டு அதுமேல விரிங்க. வெயில் நேரத்துல முட்ட முட்ட ஊதாதீங்க, சூட்டுக்குக் காத்து உப்பும். ஈரத்தோட மடிச்சா பூஞ்சணம் பிடிச்சிடும். காத்து போற வாய்க்குள்ள ஒரு நாக்கு இருக்கு, அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். மேல இந்த மூடியைப் போட்டு அழுத்தினாத்தான் காத்து நிக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், மூடி தொலைஞ்சா தனியாக் கெடைக்காது. பத்திரம்!"

கோமளவல்லி வெல்வெட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். அவன் சொன்னதில் 'தொலைஞ்சா' என்பதும் 'பத்திரம்' என்பதும் மட்டும் அவள் காதில் தெளிவாக விழுந்தன. பத்திரப்படுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆள் கிடையாது. சாந்தமூர்த்தியின் மூக்குக் கண்ணாடியை அவள் பத்திரப்படுத்தி வைத்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் எதையும் உத்தேசமாகத்தான் பார்க்கிறார்.

விருந்தாளிகள் வருகிற அன்று, விடியும் முன்பே சாந்தமூர்த்தி தார்ப்பாயைப் போட்டு மெத்தையை விரித்து, கால் பம்ப்பை மிதிமிதி என்று மிதித்தார். மெத்தை எழும்பி நின்றதும் அவர் முகத்தில் ஒரு ஏக்கம் வந்தது. "ஒரே ஒரு நிமிஷம் படுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"முள்ளை வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?" என்று கோமளவல்லி சீறினாள். சீறியதோடு நிற்கவில்லை. கூடை நிறையக் காட்டு நெல்லிக்காய் கொண்டுவந்து, அவர் முதுகு முள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காயைக் குத்தி வைத்தாள். மகளுக்கும் அப்படியே. தனக்கும் அப்படியே. பிறகு மெத்தையின் மூடி ஞாபகம் வந்தது. கால் படுகிற இடத்தில் கிடந்தால் தொலைந்துவிடும் என்று அதை எடுத்துப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பூங்காவனமும் அப்பா பஞ்சநாதமும் பொழுது புலரும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நெல்லிக்காய்களைப் பார்த்துப் பூங்காவனம் புருவத்தை உயர்த்தினாள்.

"எங்க பக்கத்து அலங்காரங்க" என்றாள் கோமளவல்லி.

சாப்பாடு முடிந்தது. கை கழுவியதும் பூங்காவனம் நேராக விஷயத்துக்கு வந்தாள். "எங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆசை இல்லீங்க. அந்த ஓடையோரக் கிழங்குப் பாத்தியை மட்டும் பொண்ணு பேருக்குக் கொடுத்துடுங்க. மத்ததைத் தூங்கி எழுந்து பேசிக்கலாம்."

கோமளவல்லி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்தப் பாத்திதான் அவர்களுடைய சோறு. சேர்த்து வைத்த கிழங்கு மெத்தையாகிவிட்டது. பாத்தியும் போனால், மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் பெற்றவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். முடியாது என்றால் இந்த வரனும் போய்விடும். அழுகையை அடக்கிக்கொண்டு, "வாங்க, படுத்துட்டு எழுந்து பேசலாம்" என்று உள்ளே அழைத்துப் போனாள்.

நீல வெல்வெட்டைப் பார்த்ததும் பூங்காவனம் குனிந்து ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். பஞ்சநாதம் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெத்தையையே பார்த்தார். நாள்பட்ட இடுப்பு வலி அவருக்கு.

"படுங்க சம்பந்தி" என்றாள் கோமளவல்லி. உள்ளுக்குள், படுத்துத் தொலைத்துவிடாதே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டாள்.

"எங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? நாங்க கீழயே படுத்துக்கறோம்" என்றாள் பூங்காவனம். அவளுக்கும் முதுகில் முள் இருந்தது, கண்ணில் பார்வையும் இருந்தது. பெண் வீட்டு மெத்தையைக் குத்திக் கிழித்தவர்கள் என்ற பெயரோடு மலையேற அவளுக்கு விருப்பம் இல்லை.

"நீங்க படுக்கலேன்னா எங்களுக்கு மனசு கேக்காது."

"நீங்க படுங்க, பாத்து சந்தோஷப்படறோம்."

"விருந்தாளி கீழ படுக்க, நாங்க மேல படுக்கறதா? நல்லாருக்கே!"

பஞ்சநாதம் மட்டும், "இவ்வளவு தூரம் சொல்றாங்களே..." என்று ஆரம்பித்தார். பூங்காவனம் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். கடைசியில் மெத்தையை நடுவில் விட்டுவிட்டு, ஐந்து முள்ளம்பன்றிகளும் அதைச் சுற்றித் தரையில் படுத்தன. காற்று மட்டும் மெத்தையில் சுகமாகப் படுத்திருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் கோமளவல்லி முதலில் கண் விழித்தாள். மெத்தை இருந்த இடத்தில் ஆறிப்போன பூரி மாதிரி ஒன்று கிடந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று கணவரின் முதுகைப் பார்த்தாள். ஒரு முள் மொட்டையாக நின்றது. அதில் இருந்த நெல்லிக்காய் மெத்தைக்கு அருகில் உருண்டு கிடந்தது. சந்தேகமே இல்லை, இந்த மனுஷன்தான் ஆசை தாங்காமல் ஏறிப் படுத்திருக்கிறார்!

"நான் இல்லடி" என்று கிசுகிசுத்தார் சாந்தமூர்த்தி. பிறகு சிறிது யோசித்து, "நான்னா எனக்கே தெரியாமத்தான் இருக்கும்" என்றார். கண்ணாடி இல்லாததால் எதையும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பக்கமும் விழிப்பு வந்துவிட்டது. பூங்காவனம் மெத்தையைப் பார்த்தாள். தன் கணவரைப் பார்த்தாள். அவருடைய இடுப்பைப் பார்த்தாள். பஞ்சநாதம் தலையைக் குனிந்துகொண்டு, "தூக்கத்துல புரள்ற பழக்கம் எனக்கு உண்டே" என்று முனகினார்.

"சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தா எங்க ஓட்டைன்னு தெரிஞ்சிடும்மா, குமிழ் விடும்" என்றாள் மிருதுளா. நல்ல பெண், கெட்டிக்காரியும்கூட.

"வேணாம்!" என்று இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் அலறினார்கள். ஓட்டையைப் பார்த்தால் அது யார் முள் என்று தெரிந்துவிடும் அல்லவா?

பூங்காவனத்தின் குரல் அதற்குப் பிறகு இறங்கியது. "ஏதோ பழைய மெத்தை போலிருக்குங்க, விடுங்க" என்றாள். அது புது மெத்தை என்று அவளுக்கே தெரியும். "பாத்தியைப் பத்திச் சொன்னேனே, அதையும் விடுங்க. எங்க வீட்டுல கிழங்குக்கா பஞ்சம்? பொண்ணை மட்டும் அனுப்புங்க, கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறோம்."

கோமளவல்லிக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. தன் வீட்டுத் தப்பைத்தான் சம்பந்தியம்மா இத்தனை பெருந்தன்மையோடு மன்னிக்கிறாள் என்று நினைத்து, கண்ணில் நீர் முட்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மாளும் அதையேதான் நினைத்துக்கொண்டு கையைப் பிடித்தாள். அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பஞ்சநாதம் ஒரு பெரிய பொதியைத் தானே சுமந்து வந்தார். பிரித்தால், சிவப்பு வெல்வெட்டில் புத்தம் புதுக் காற்று மெத்தை! "சிறுசுங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் பந்தியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா சாந்தமூர்த்தி ஏற்கெனவே அங்கே இலை எடுத்துக்கொண்டிருந்தார். மெத்தை சப்பையான நாளிலிருந்து அவர் எந்த வேலைக்கும் முணுமுணுத்ததில்லை.

கோமளவல்லி மகளுக்குப் பொட்டு வைக்க, பரணிலிருந்து வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்தாள். நல்ல நாளைத் தவிர அதைத் திறக்கிற வழக்கம் இல்லை. திறந்தாள். குங்குமத்தின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது நீல மெத்தையின் மூடி.

அவள் அதை எடுத்து, ஒட்டியிருந்த குங்குமத்தை ஊதிவிட்டுப் பார்த்தாள். யார் முள்ளும் குத்தவில்லை. யாரும் ஏறிப் படுக்கவில்லை. நெல்லிக்காய் தூக்கத்தில் புரண்டபோது உதிர்ந்திருக்கிறது. மூடி போடாத வாய் வழியாகக் காற்று தானாகப் போயிருக்கிறது. வாசல் பக்கம் பார்த்தாள். பஞ்சநாதம் குனிந்து குனிந்து தண்ணீர் ஊற்றினார். சாந்தமூர்த்தி குனிந்து குனிந்து இலை எடுத்தார். பூங்காவனம், 'பொண்ணுக்குக் கால் வலிக்கும், உக்கார வைங்க' என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். அங்கே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு ஆண்களும் நிமிர்ந்துவிடுவார்கள். பூங்காவனத்துக்கும் கிழங்குப் பாத்தி ஞாபகம் வந்துவிடும்.

"என்னம்மா அது?" என்றாள் மிருதுளா.

"ஒண்ணுமில்லடி." மூடியைத் தன் மடியில் செருகிக்கொண்டு, மகளின் நெற்றியில் நிதானமாகப் பொட்டு வைத்தாள் கோமளவல்லி. பிறகு காதருகே குனிந்தாள்.

"அந்தச் சிவப்பு மெத்தையை விரிச்சதும், மொதல் வேலையா மூடியைக் கழட்டிப் பத்திரமா வச்சுடு. எங்க வச்சேன்னு புருஷன்கிட்டகூடச் சொல்லாதே."

நீதி: மெத்தையில் காற்று நிற்க மூடி வேண்டும், வீட்டில் மரியாதை நிற்க அந்த மூடி உன் மடியில் இருக்க வேண்டும்.