ஒரு கண்ணில் மட்டும் குடியிருந்த பாவம்

2004இல் பட்டாசு ஊரான விஸ்வநத்தத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அங்கே கண்ணொளிச் சித்தர் என்ற சாமியார் பட்டுத்துணி சுற்றிய குப்பியிலிருந்து கண்ணில் சொட்டு விடுவார். பட்டாசு மருந்துத் தூளில் சிவந்த கண், பார்க்கப் பார்க்க வெளுக்கும். "காளியாத்தா!" என்று கூட்டம் கூவும். நாட்டுக்கே லேபிள் அச்சடிக்கிற வட்டாரம், இந்தக் குப்பியின் லேபிள் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்கும் ஒரு குப்பி தருவார். துணியை அவிழ்த்தால் தெய்வக் குத்தமாம். மகிமை சாயங்காலம்வரை தாங்கும். பிறகு முன்னைவிடச் சிவக்கும். அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: "மனசுல பாவம் ஒளிஞ்சிருக்கு."

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி தன் மனசுக்குள் தேடினாள். தேடினால் ஒன்றும் அகப்படாத மனசு எவருக்கு இருக்கிறது? மாமியார் நோயில் கிடந்தபோது, போய்ச் சேர்ந்தால் தேவலை என்று ஒருநாள் நினைத்திருந்தாள். கஞ்சி ஊட்டிக்கொண்டேதான் நினைத்தாள். சித்தரிடம் சொல்லி அழுதாள்.

"வார வெள்ளி, சபையில உன் மாமியா முன்னால சொல்லு. இல்லேன்னா பார்வை போயிரும்" என்றார் அவர்.

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு. தூள் இல்லை; கண் மட்டும் சிவந்தே இருந்தது. உடன் வேலை பார்க்கும் மாரித்தாயிடம் புலம்பினாள்.

"ஏட்டி, மனசு ஒண்ணுதானே? பாவம் ரெண்டு கண்ணுக்கும் பொதுதானே? வலது கண்ணுல மட்டும் சொட்டு விடு. இடதுல ஒண்ணும் ஊத்தாதே."

"சாமி கோவிச்சா?"

"கோவிச்சா என் கண்ணைப் பிடுங்கிக்கிடச் சொல்லு!"

வெள்ளிக்கிழமை வந்தது. மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாண்டிச்செல்வியை நடுவில் நிறுத்தினார்கள். வலது கண் தக்காளிப் பழம். இடது கண் வெள்ளை வெளேர்.

சித்தர் அசரவில்லை. "பாதிப் பாவம் கரைஞ்சிருச்சு."

"ஆமா சாமி. நீங்க குடுத்ததை ஊத்தாத பாதி!"

சொல்லிக்கொண்டே மாரித்தாய் சித்தர் கையிலிருந்த குப்பியைப் பறித்துத் துணியை உருவினாள். தாயைக் கூட்டிவந்திருந்த மருந்துக்கடைப் பாலகுரு எட்டிப் பார்த்தான்.

"அட, நம்ம கடையில பெட்டி பெட்டியா வாங்குவீகளே, அந்தச் சொட்டு! ரத்தக்குழாயைச் சுருக்கி வெளுப்பாக் காட்டும். ஓயாம ஊத்தினா முன்னைவிடச் சிவக்கும். ரொம்ப நாள் போடாதீகன்னு லேபிள்லயே இருக்கே!"

கூட்டம் கொந்தளித்தது. சித்தர் பின்வாசல் வழியே ஒளியின் வேகத்தில் மறைந்தார்.

"என்னமோ சொல்லணும்னியே தாயி?" என்றாள் மாமியார்.

"ஒண்ணுமில்லத்தை. வாங்க, கஞ்சி ஆறுது."

சித்தர் இப்போது ஆனைக்குட்டம் பக்கம் வயிற்றுவலிக்குத் தீர்த்தம் தருகிறாராம். போகிறவர்கள் போங்கள். துணியை மட்டும் அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் லேபிளை அச்சடித்ததே நீங்களாக இருக்கலாம்.