கொஞ்சம் ராவினா மதி

எதுவும் எதோடும் சேரும் என்று நம்புகிற மனிதர்கள் தனி இனம். நீங்கள் அப்படி ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். பழுதாகி நிற்கும் ஒரு பொருளைச் சுற்றி நாலு பேர் கூடினால், ஐந்தாவதாக வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். ஸ்பானரைத் தொடமாட்டார், அது கூலிக்கு வேலை செய்பவர்கள் தொடுவது. அளவுநாடாவும் வைத்திருக்கமாட்டார், அது நம்பிக்கை இல்லாதவர்களுக்கு உண்டானது. ஒற்றைக் கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, பொருளையும் ஓட்டையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: "கொஞ்சம் ராவினா மதி."

அரத்தை எடுத்துக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் போதும் என்று பொருள். சட்டத்துக்குள் அடங்காத கதவா? ராவினால் மதி. குழாயில் ஏறாத மூடியா? ராவினால் மதி. மோதிரத்துக்குள் நுழையாத விரலா? அதற்கும் அதேதான். மோதிரத்தையா, விரலையா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற சாலையில் வொர்க்‌ஷாப்புக்கு ஒருவர் வீதம் இந்த இனத்தார் உண்டு. ஷாஜியின் வொர்க்‌ஷாப்புக்கு வாய்த்தவர் வேதமணி. குடிநீர்ப் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடங்களுக்கு முன்னால், மழையில் நின்றுபோன ஒரு ஜீப்புக்குப் பம்பின் வாஷர் ஒன்றை ராவிப் போட்டார், ஜீப் ஓடியது. எவ்வளவு தூரம்? முதலில் சொன்ன காலத்தில் உதியன்குளங்கரை வரை ஓடிற்று. பிறகு நெய்யாற்றின்கரை வரை. இந்த வருடம் காட்டாக்கடையைத் தாண்டிவிட்டது. அன்று பிடித்த அரத்தை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. மடக்கிய குடைக்குள் செருகி வைத்திருக்கிறார். குடையை விரித்தால் அரம் காலில் விழும் என்பதால் மழை பெய்தாலும் குடையை விரிப்பதில்லை.

'சேராது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. முப்பத்தாறு வருடமாக அவரோடு சேர்ந்து வாழும் லீலாபாய் மாமிகூட.

இப்படிப்பட்டவரிடம்தான் முட்டைக்காரி ஸ்வப்னா வந்து சிக்கினாள். அவளும் சாமானியப்பட்டவள் அல்ல. பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, தானே ஓட்டி, பாறசாலையில் லாரியிலிருந்து இறங்கும் முட்டைகளை டீக்கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் கொடுத்துக்கொண்டே போய், பூவாரில் ஒரு ரிசார்ட்டின் சமையலறையில் முடிக்கிற ஒரு லைனை நாலு வருடமாக ஒற்றை ஆளாய்க் கட்டியவள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏற்றத்தின் நடுவில், அந்த பிக்கப்பின் எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ இரும்புக் கட்டிலை மாடிப்படியில் உருட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒரு சத்தமும் வரவில்லை.

கயிறு கட்டி இழுத்துவந்து, திறந்து பார்த்து, ஷாஜி கையைத் துடைத்தான். "தீந்து போச்சு அக்கா. வேற எஞ்சின்தான் போடணும். இதே மாடலு காட்டாக்கடையில ஒண்ணு வருது. ஆனா பத்து நாளு ஆவும்."

பத்து நாள். ரிசார்ட்டின் ஸ்டோர் கீப்பர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: வாடகை ஆட்டோவில் குலுங்கி வரும் முட்டை வேண்டாம், திங்கட்கிழமை காலையில் அவளுடைய வண்டி வந்தாக வேண்டும், வராவிட்டால் மனு என்பவன் வருவான். மனு ஆறு மாதமாக அந்த லைனின் ஓரத்தில் ஒரு குட்டி யானை வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறவன். பூவார் கைவிட்டுப் போனால் வழியிலுள்ள பேக்கரிகளும் போகும். நாலு வருடமும் போகும்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"களியக்காவிளையில ஒரு எஞ்சின் கிடக்குது."

ஷாஜி திரும்பிப் பார்க்கவில்லை. "எந்த மாடலு மாமா?"

"அதே கம்பெனியாக்கும்."

"கம்பெனி கேக்கல்ல. மாடலு."

"எலே, ஒரே தாய்க்க பிள்ளையளு. சேராம எங்க போவுது?"

"நீங்களும் உங்க தம்பியும் ஒரே தாய்க்க பிள்ளையதான். பேசிப் பன்னெண்டு வருசம் ஆச்சு."

"அவன் கேஸு வேற," என்றார் வேதமணி. "அவன ராவ ஒக்காது."

ஷாஜிக்கு வேலை தெரியும். ஆனால் வேதமணி அவன் அம்மாவின் அண்ணன். வொர்க்‌ஷாப்பின் தகரக் கூரை நிற்பது அவருடைய மண்ணில். ஸ்வப்னாவுக்கும் மூளை இருந்தது. ஆனால் ஒருவர் பத்து நாள் என்கிறார், இன்னொருவர் திங்கட்கிழமைக்குள் ஓடும் என்கிறார். இரண்டில் எதை நம்புவீர்கள்? இந்த இனம் செழித்து வளர்வதற்கு உரம் போடுவது யார்? நம்முடைய அவசரம்தான்.

களியக்காவிளை எஞ்சின் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை இறக்கினார்கள். அது உட்கார வேண்டிய இடத்துக்கும் அது உட்கார்ந்த இடத்துக்கும் இரண்டு விரல் வித்தியாசம். ராவினார்கள். உட்கார்ந்தது, ஆனால் கோபித்துக்கொண்ட மருமகன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒரு பக்கமாய்த் திரும்பி.

"சாஞ்சுல்லா இருக்கு மாமா," என்றாள் ஸ்வப்னா.

"பொழியூர் கடல்ல வள்ளம் நேராவா போவுது, பிள்ளே? சாஞ்சுதான் போவுது. போவுதா இல்லியா?"

போகத்தான் செய்கிறது. அடுத்து கியர்பாக்ஸ். எஞ்சினோடு அதை இணைக்க எட்டு போல்ட். எட்டுத் துளைகளில் ஐந்துதான் நேருக்கு நேர் வந்தன.

"எட்டுக்கு அஞ்சு," என்றார் வேதமணி திருப்தியாக. "நம்ம ஷாஜி பத்தாங்கிளாஸுல இவ்வளவு வாங்கல்ல. அவன் ஜெயிச்சு வொர்க்‌ஷாப்பு நடத்தல்லியா?"

பானட் மூடவில்லை, எஞ்சின் உயரம். பானட்டை வட்டமாய் வெட்டினார்கள். வெட்டிய ஓட்டை வழியாக மழை இறங்குமே? வேதமணி வீட்டுக்குப் போய், சோற்றுக் கலத்தின் அலுமினிய மூடி ஒன்றோடு வந்தார். அது மட்டும் ராவாமலே சேர்ந்தது. அந்த வண்டியில் ஒழுங்காகப் பொருந்திய ஒரே பாகம், சமையலறையிலிருந்து வந்தது.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. புது எஞ்சின் கொஞ்சம் நாகரிகமான சாதி. அதற்கு மூளையாக ஒரு சின்னப் பெட்டி உண்டு. பெட்டியிலிருந்து வரும் வயரின் பிளக் வண்டியின் சாக்கெட்டில் நுழைய வேண்டும். நுழையவில்லை. ஷாஜி கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, இது வயரு சமாச்சாரமாக்கும். அரத்த வெளிய வைங்க." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். போயிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு வந்திருந்த வேதமணி குடையிலிருந்து அரத்தை உருவி அந்தப் பிளாஸ்டிக் பிளக்கைக் கொஞ்சம் ராவினார். நுழைந்தது. தொட்டதும் வெளியே வந்தது. ராவித் தள்ளிய தூளைத் திரும்ப ஒட்டவைக்கிற அரம் இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணி. முட்டைத் தட்டுகளெல்லாம் ஏற்றியாகிவிட்டது. வேதமணி பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். ஸ்வப்னா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உயிர் பெற்றது. வேதமணி வெற்றிப் புன்னகையோடு விரலை எடுத்தார். எஞ்சின் செத்தது.

இன்சுலேஷன் டேப் சுற்றினார்கள். செத்தது. கம்பி போட்டு முறுக்கினார்கள். செத்தது. மரக்கட்டை ஒன்றை ராவி ஆப்பு வைத்தார்கள். இருமிவிட்டுச் செத்தது. ஷாஜி தன் விரலால் அழுத்தினான், அசைவில்லை. ஸ்வப்னா அழுத்தினாள், ஒரு முனகல். வேதமணி அழுத்தினார், கோயில் மணி மாதிரி ஓடியது. ராவிய கையின் சாய்வுக்கே அந்தப் பிளக் பழகிவிட்டிருந்தது.

ஸ்வப்னா கடிகாரத்தைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மாமா, ஏறுங்க."

"எங்க?"

"பூவாருக்கு."

"நான் இன்னும் சாயா குடிக்கல்ல, பிள்ளே."

"வண்டிக்க பார்ட்ஸு சாயா குடிக்குமா?" என்றொரு குரல் கேட்டது. மூடியைத் தேடிக்கொண்டு லீலாபாய் மாமி வந்திருந்தாள். பானட்டின் மேல் தன் மூடி இருப்பதையும், சீட்டில் தன் கணவர் ஏறுவதையும் ஒரே பார்வையில் பார்த்தாள். "மூடி அங்க இருக்கட்டு மோளே," என்றாள் ஸ்வப்னாவிடம். "ஆளும் இருக்கட்டு."

அன்று அந்த வண்டி போன போக்கைச் சாலையில் நின்றவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மடியில் பெட்டி, பெட்டியின் மேல் கை, கையின் கீழ் பிளக். மூளைப் பெட்டியின் வயர் குட்டை என்பதால் சீட்டை முன்னால் தள்ளியிருந்தார்கள், அதனால் கால்முட்டு இரண்டும் டேஷ்போர்டில் இடிக்க, வயிற்றிலிருக்கும் மூன்றாவது மாதக் குழந்தை போல மடங்கி உட்கார்ந்திருந்தார் வேதமணி. ஏற்றத்தில் விரலை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், இறக்கத்தில் வலப்பக்கம். அமரவிளையில் பழைய சிநேகிதர் எலியாவைப் பார்த்ததும் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார். வண்டி அந்த எலியாவின் முன்னாலேயே நின்றது.

"என்ன வேதமணி, வண்டிய நிறுத்தி விசாரிக்குத அளவுக்குப் பாசமா?" என்றார் எலியா.

வேதமணி விரலைத் திரும்ப வைத்தார்.

பூவாரில் ஸ்டோர் கீப்பர் தட்டுத் தட்டாகத் தூக்கிப் பார்த்தார். நாலே முட்டையில்தான் கீறல் விழுந்திருந்தது. மனு தன் குட்டி யானையைத் திருப்பிக்கொண்டு போனான். ஸ்வப்னாவின் லைன் பிழைத்தது.

செவ்வாய், புதன், வியாழன். தினமும் காலை ஐந்துக்கு வேதமணியை எடுத்து மாட்டுவார்கள். பதினொன்றுக்குக் கழற்றி இறக்குவார்கள். வொர்க்‌ஷாப்பில் யாராவது பழுதான பம்போடு வந்து, "வேதமணியண்ணன் எங்க?" என்று கேட்டால், ஷாஜி தலை நிமிராமல் சொல்வான்: "வண்டியில மாட்டியிருக்கு."

பத்தாவது நாள் அவர் இறங்கி, இறங்கிய பிறகும் சீட்டில் இருந்த அதே வளைவில் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் ஷாஜியிடம் கேட்டார்: "மக்கா, அந்தக் காட்டாக்கடை எஞ்சின் வந்துதா?"

"வந்தாச்சு மாமா. எட்டுத் துளையும் நேரா இருக்கு. ஒண்ணும் ராவண்டாம்."

வேதமணி ஸ்வப்னாவிடம் போனார். சொல்ல வேண்டிய சொல் தொண்டையில் குறுக்காக நின்றது. இரண்டு முறை கனைத்து அதை நேராக்கினார்.

"மோளே, அந்த எஞ்சின போடுவோம். இது..." பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டார். "இது சேராது."

ஸ்வப்னா தன் வண்டியைப் பார்த்தாள். பத்து நாளில் ஒரு கடைகூட விடுபடவில்லை. ரிசார்ட்டில் கூடுதலாக ஐந்து தட்டு கேட்டிருக்கிறார்கள். எஞ்சினை மாற்ற நாலு நாள் வண்டியை நிறுத்த வேண்டும். நாலு நாள் மனுவுக்குப் போதும்.

"எதுக்கு மாமா?" என்றாள். "எல்லாம் சேந்துதானே ஓடுது."

"கால்முட்டு இடிக்குது, பிள்ளே. ராத்திரி நிமிக்க ஒக்கல்ல."

அவள் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தாள், டேஷ்போர்டைப் பார்த்தாள், அவர் முழங்காலைப் பார்த்தாள். பிறகு ஒற்றைக் கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டினாள்.

"கொஞ்சம் ராவினா மதி."

டேஷ்போர்டையா, முழங்காலையா என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அவருக்கே தெரியும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்களிடம் அரம் இல்லை, பிக்கப் இல்லை, குடையை மழையில் விரிக்கிறவர் நீங்கள். ஆனால் உங்கள் வீட்டு மிக்ஸி ஜாரின் மூடி போன வருடம் உடைந்ததே, அதன் மேல் இப்போது இருப்பது எந்த ஜாரின் மூடி? அளவு சரியாக இல்லாவிட்டால் என்ன, உள்ளங்கையால் இப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தவர் யார்? தினமும் காலையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்?

இருக்கட்டும். சட்னி அரைந்து முடியும்வரை கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.